புதிய அயர்ன் செட்டை எங்கே அடித்துப் பார்ப்பது: கடையிலா, மாடியிலா, குளத்திலா, மைதானத்திலா?

திருநெல்வேலிச் சீமையில் கோல்ஃப் ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெங்களூரிலோ சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்த்தபோது பழகிக்கொண்டு, ஊர் திரும்பிய பிறகும் ஆட்டத்தை விட மனமில்லாதவர்களே பெரும்பாலும் நம் கூட்டம். அவர்களில் இருவர் அண்மையில் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் பாளையங்கோட்டையில் பல் மருத்துவர். ஒரு கடையில் அயர்ன் செட் ஒன்றை, அதாவது கிரீனை நோக்கி அடிக்கும் இரும்புத் தலைக் கிளப்புகளின் (மட்டைகளின்) தொகுப்பை, பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. மற்றவர் கூடங்குளம் பக்கம் பணிபுரியும் பொறியாளர்; ஐந்தாம் எண்ணிலிருந்து பிட்சிங் வெட்ஜ் எனப்படும் குறுந்தூரக் கிளப் வரை ஆறு கிளப்புகளும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன, ஆனால் அவை தமக்குப் பொருந்துமா என்பதை எங்கே, எப்படிச் சோதிப்பது என்று தெரியாமல் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

நாம் போய் ஆடும் மைதானங்கள் எல்லாம் தொலைவில் இருப்பதால், நமக்கு நான்கு வழிகள்தாம் உள்ளன. பெருநகரக் கடையில், பந்தின் வேகம், கோணம் முதலியவற்றை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் முன் நின்று அடிப்பது, வீட்டு மாடியில் வலை கட்டிச் சிறு அளவைக் கருவி வைத்து அடிப்பது, கோடையில் வற்றிய குளத்திலோ அறுப்பு முடிந்த வயலிலோ அடிப்பது, திருவனந்தபுரத்துக்கோ கொடைக்கானலுக்கோ எடுத்துச் சென்று ஆடியே பார்ப்பது என்பவை அவை. நான்கையும் நானே செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு நன்றாகவும் வேறொரு கேள்விக்குத் தவறாகவும் விடை சொல்கிறது.

## முதலில், எதைச் சோதிக்கிறோம்?

புதிய அயர்னைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு தூரம் போகிறது?" என்பதுதான். மிக நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்புக்கு அது சரியான கேள்வி. அயர்னின் வேலை வேறு. தெரிந்த தூரத்துக்குப் பந்தைக் கொண்டுபோய், கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையில், விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிற்க வைப்பது அதன் வேலை. ஆகவே ஐந்து செய்திகளை அறிய வேண்டியிருக்கிறது.

முதலாவது, கேரி தூரம்; அதாவது பந்து அடித்த இடத்திலிருந்து தரையைத் தொடும் இடம் வரை உள்ள தூரம். உருண்டு போன தூரத்தை இதில் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, சிதறல். இருபது பந்து அடித்தால் மிகக் குறைவாகப் போனதற்கும் மிக அதிகமாகப் போனதற்கும் இடைவெளி எவ்வளவு, இடம் வலமாக எவ்வளவு விரிகிறது என்பதுதான் நீங்கள் எத்தனை அடியில் ஆட்டத்தை முடிக்கிறீர்கள் என்பதை நிர்ணயிக்கிறது. மிக நன்றாகப் பட்ட ஒரு பந்து 165 கெஜம் போவது மனதுக்கு இன்பம் தருமே தவிர, அது எந்த முடிவுக்கும் உதவாது.

மூன்றாவது, இறங்கும் கோணமும் ஸ்பின்னும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் செவன் அயர்ன் பந்து நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுற்று சுழன்று, 50 பாகை அளவில் செங்குத்தாக இறங்குகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவு வராது. ஆனால் 45 பாகைக்கு வெகுவாகக் குறைந்தால் பந்து கிரீனில் நிற்காமல் பின்பக்கம் ஓடிவிடும்.

நான்காவது, கிளப்புக்குக் கிளப் உள்ள இடைவெளி. அயர்ன்களுக்கிடையே பத்துப் பன்னிரண்டு கெஜம் சீராக அமைய வேண்டும். ஐந்தாவது, கிளப் தலையின் அடிப்பாகமான அடித்தகடு மண்ணோடு எப்படிப் பழகுகிறது என்பது. இந்த ஐந்தாவதை மேட் எனப்படும் செயற்கைப் புல் விரிப்பின் மேல் நின்று அறியவே முடியாது. நம் ஊர் மண்ணில் இதுதான் பாதிப் பிரச்சினை.

இவற்றோடு லாஃப்ட், அதாவது கிளப் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன ஐந்தையும் குழப்பிவிடும் காரணம் அதுவே. பழைய பாணி செட்டுகளில் செவன் அயர்னின் லாஃப்ட் 34 முதல் 36 பாகை வரை இருக்கும். இன்று தூரத்துக்காக விற்கப்படும் பல செட்டுகளில் அது 28 முதல் 30 பாகைக்குள் வந்துவிட்டது; ஷாஃப்ட் எனும் தண்டும் அரை அங்குலம் வரை நீண்டிருக்கலாம். ஒரு பாகைக்கு இரண்டு மூன்று கெஜம் என்று வைத்தாலும், ஐந்து பாகைக்குப் பத்து முதல் பதினைந்து கெஜம் வந்துவிடுகிறது. அதாவது அடியில் "7" என்று பொறித்திருந்தாலும், உங்கள் பழைய செட்டின் ஆறாம் எண்ணையோ அதைவிடத் தூரம் போகும் ஐந்தாம் எண்ணையோ அடித்துவிட்டுத்தான் நீங்கள் மகிழ்கிறீர்கள். கிளப்பின் அடியில் உள்ள எண்ணை மறந்து, லாஃப்டுக்கு லாஃப்ட் ஒப்பிடுவது இந்தச் சோதனையின் முதல் விதி. பழைய செட்டின் ஆறாம் எண்ணும் புதிய செட்டின் ஏழாம் எண்ணும் ஒரே லாஃப்ட் என்றால், அந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்க வேண்டும்.

## கடையின் லாஞ்ச் மானிட்டர்

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து கடைக்குப் போய், குளிரூட்டிய அறையில், நல்ல மேட்டின் மேல் நின்று, திரையைப் பார்த்து அடிக்கலாம். டிராக்மேன் போன்ற ரேடார் கருவியோ, பந்துக்குப் பக்கத்தில் அமர்ந்து கேமராக்களால் படம்பிடிக்கும் ஜிசிகுவாட் போன்ற கருவியோ இருந்தால், பந்தின் வேகம், ஏறும் கோணம், ஸ்பின், கேரி, இறங்கும் கோணம் என எல்லா எண்களும் அடுத்த நொடியே திரையில் வந்துவிடும். மேலே சொன்ன ஐந்தில் முதல் நான்கையும் இவ்வளவு துல்லியமாகவும் விரைவாகவும் சொல்லும் வழி வேறில்லை. லாஃப்டையும், லை எனப்படும் தண்டு தரையோடு சாயும் கோணத்தையும் அளக்கும் கருவியும், வெவ்வேறு ஷாஃப்டை மாட்டிப் பார்க்கும் வசதியும் சில கடைகளில் உண்டு. ஸ்டீல் ஷாஃப்டா கிராஃபைட்டா என்று தயங்குகிறவர் அங்கேதான் முடிவெடுக்க வேண்டும். ஏறக்குறைய 130 கிராம் எடையுள்ள ஸ்டீலையும் 70 கிராம் கிராஃபைட்டையும் அடுத்தடுத்து அடித்தால், ஒன்பதாவது பத்தாவது பந்திலேயே தோள் விடை சொல்லிவிடும்.

மறைந்திருக்கும் செலவு மேட்டில் இருக்கிறது. கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையில் பட்டால், மைதானத்தில் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு பந்து பாதி தூரம்கூடப் போகாது. மேட்டின் மேல் அதே தவறான அடியில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடுகிறது. திரையில் ஐந்தாறு கெஜம் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். அகன்ற அடித்தகடு கொண்ட கிளப்புகளுக்கு இந்தச் சலுகை இன்னும் அதிகம். நான் ஒருமுறை ஒரு பெருநகரக் கடையில் இப்படி அடித்து, பழையதைவிடப் பதினான்கு கெஜம் கூடுதலாக வந்தது என்று மயங்கி ஒரு செட்டை வாங்கினேன். ஊருக்கு வந்து அளந்தபோது செவன் அயர்னின் லாஃப்ட் 29 பாகை, பிட்சிங் வெட்ஜ் 43 பாகை. என்னிடம் இருந்த சாண்ட் வெட்ஜ் 56 பாகை. நடுவில் 13 பாகை வெற்றிடம். நூறு கெஜத்தை ஒட்டிய எந்தத் தூரத்துக்கும் என்னிடம் முழு அடிக்குரிய கிளப் இல்லாமல் போயிற்று. 48, 52 என இரண்டு வெட்ஜுகளைத் தனியாக வாங்கிய பிறகுதான் அந்தப் பள்ளம் நிரம்பியது. பையில் 14 கிளப்புக்கு மேல் வைக்க விதி இடம் தராது என்பதால் வேறு இரண்டு கிளப்புகளை வெளியே எடுக்கவும் வேண்டியிருந்தது. கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. நான் லாஃப்டைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கேற்பக் கருவியை அமைத்திருந்தால், கேரி எண்கள் நம் ஊரைவிட மூன்று நான்கு விழுக்காடு கூடுதலாகத்தான் வரும். 150 கெஜத்துக்கு ஐந்து கெஜம். கருவி எந்த உயரத்துக்கும் வெப்பத்துக்கும் அமைக்கப்பட்டிருக்கிறது, திரையில் தெரிவது அளந்த எண்ணா திருத்திய எண்ணா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அடிப்பவரின் உரிமை.

## மொட்டை மாடியும் வலையும்

சிறு ரேடார் கருவிகள் கைப்பேசியோடு இணைந்து வேலை செய்யும் அளவுக்கு வந்துவிட்டதால், வீட்டிலேயே சோதிக்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. கார்மின் ஆர்10 போன்ற கருவியைப் பந்துக்கு ஆறு முதல் எட்டு அடி பின்னால் வைக்க வேண்டும். பந்திலிருந்து வலை வரை குறைந்தது எட்டு அடி வேண்டும். ஆகப் பதினாறு அடி நீளம் இருந்தால் போதும் என்பதால், நம் ஊர் மொட்டை மாடிகளில் இடப் பிரச்சினை இல்லை.

தினமும் அடிக்கலாம் என்பதே இதன் பெரிய பலன். புதிய கிளப்பின் எடைக்கும் நீளத்துக்கும் உடம்பு பழக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். கடையில் செலவிடும் ஒரு மணி நேரத்தில் அந்தப் பழக்கம் வராது. ஆனால் அளவை என்று பார்த்தால், இதை மிகுந்த கட்டுப்பாட்டோடு நம்ப வேண்டும். ரேடார் பந்தின் பயணத்தைத் தொடர்ந்து பார்த்துக் கணிப்பது. எட்டு அடியில் வலை மறித்துவிட்டால் அதற்குக் கிடைப்பது நொடியின் சிறு பகுதி. பந்தின் வேகத்தையும் ஏறும் கோணத்தையும் ஓரளவு சரியாகச் சொல்லும். ஸ்பின்னைப் பெரும்பாலும் கணக்கிட்டுத்தான் சொல்கிறது. இறங்கும் கோணம் ஸ்பின்னைச் சார்ந்தது என்பதால் அதுவும் அதே அளவு நம்பகம்தான். பழைய கிளப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கலாம்; தனி எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

செலவில் கருவி, வலை, மேட் மூன்றையும் கணக்கிடுவோம். வெயிலைப் பலர் கணக்கிடுவதில்லை. சித்திரை வெயிலில் மாடியில் கிடக்கும் வலையின் நூல் இரண்டு கோடையைத் தாண்டாது. கிரிப்பின் ரப்பர் பளபளத்து இறுகிப்போகும். செட்டைக் காரின் டிக்கியில் வெயிலில் விட்டுவைப்பது அதைவிடக் கேடு, ஏனெனில் கிளப் தலையையும் ஷாஃப்டையும் ஒட்டியிருக்கும் எபாக்சி பசை சூட்டில் தளரக்கூடும். பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். பந்து கிளப்பின் கழுத்தில் பட்டால் வலைக்கு வெளியே வலப்புறமாகத் தெறித்துப் போகும். என் மாடியிலிருந்து அப்படிப் போன ஒரு பந்து அடுத்த வீட்டு சூரிய வெந்நீர்க் கருவியின் கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டது. அங்கே அந்த நேரத்தில் துணி காயப்போட யாரும் நிற்கவில்லை என்பதை நினைத்து இன்றும் ஆறுதல் கொள்கிறேன். மாடியில் அடிப்பவர் வலைக்கு இருபுறமும் பக்கத் திரை கட்டாமல் ஒரு பந்தும் அடிக்கக் கூடாது.

## வற்றிய குளமும் அறுப்பு முடிந்த வயலும்

எனக்கு இந்த வழியின்மேல்தான் நம்பிக்கை அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிசான அறுவடை முடிந்து, மாசிக் கடைசியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை நம் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் உள்வாங்கிக்கொண்டே போகும். கரையோரத்தில் புல் இன்னும் காயாமல், மண் மிதித்தால் இறுகி நிற்கும் ஒரு நிலை ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். அது ஏறக்குறைய ஒரு நல்ல ஃபேர்வேயின், அதாவது மைதானத்தில் புல் வெட்டிய ஆட்டப்பாதையின், தன்மை. அதற்குப் பிறகு வண்டல் வெடித்துவிடும். வெடிப்புக்குள் விழுந்த பந்து திரும்பாது. குளம் பொது இடம் என்பதால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவதுதான் முறை. வயல் என்றால் உரியவரிடம் கேட்க வேண்டும், ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. நாற்பத்தாறு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள பந்துதான். ஆனால் மணிக்கு நூறு மைல் வேகத்தில் வந்து நெற்றியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. எதிரே 250 கெஜத்துக்கும், பக்கவாட்டில் அறுபது கெஜத்துக்கும் ஆளோ ஆடோ இல்லை என்பதை ஒருவர் கரைமேல் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

காற்றுதான் இங்கே முதல் எதிரி. வைகாசி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மேல்காற்றைத் திறந்துவிடும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும் அந்த மாதங்களில் ஆவணி கடைசி வரை எந்த அளவையும் நம்ப முடியாது. காற்றாலைகளையே சோதித்துப் பார்க்க ஒரு நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது என்றால் அந்தக் காற்றின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். இரு திசையிலும் அடித்துச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியாகாது, ஏனென்றால் எதிர்க்காற்று பறித்துக்கொள்ளும் தூரம் பின்காற்று கொடுக்கும் தூரத்தைவிட அதிகம். மாசி, பங்குனியில் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, உடை மரத்தின் இலை அசையாத நேரமே நமக்கு உரிய நேரம்.

ரேஞ்ச் பால் என்று விற்கும் பழைய பயிற்சிப் பந்துகளை இங்கே கொண்டுவரக் கூடாது. அவற்றின் உறை கடினமானது. பந்துக்குப் பந்து வேறுபடும். நல்ல பந்தைவிடக் குறைவாகவே போகும். நீங்கள் வழக்கமாக ஆடும் அதே ரகத்தில் இருபது பந்து போதும். நூறு மீட்டர் டேப்பால் அளந்து, 100 கெஜத்திலிருந்து 180 கெஜம் வரை பத்துக் கெஜத்துக்கு ஒரு கம்பு நட்டுவிடுங்கள். ஒரு கெஜம் என்பது 0.9144 மீட்டர், 150 கெஜம் என்றால் 137 மீட்டர் சொச்சம். லேசர் தூரமானி இருந்தால் கம்பு கூட வேண்டாம். பந்து விழுந்த இடத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும். எனக்கு ஒரு காலையில் அந்த வேலையைச் செய்தவர் ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர். கரைமேல் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, இது அந்தக் கம்புக்கு இங்கிட்டே விழுந்துட்டு, உருண்டுதான் அங்கிட்டு போயிருக்கு" என்று ஒவ்வொரு பந்துக்கும் சொன்னார். கேரியையும் உருளலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

அடிக்கும் முறை இது. பழைய கிளப்பில் ஐந்து, புதியதில் ஐந்து, மீண்டும் பழையதில் ஐந்து என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒன்றை முழுக்க அடித்துவிட்டு மற்றதை எடுத்தால், முதல் கிளப் உடம்பு சூடேறாத குறையையோ இரண்டாவது கிளப் களைப்பின் குறையையோ சுமந்துவிடும். எல்லா எண்ணையும் ஒரே நாளில் அடிக்கத் தேவையில்லை. ஆறு, எட்டு, பிட்சிங் வெட்ஜ் மூன்றும் போதும், மற்றவை இடையில் வந்து அமர்ந்துவிடும்.

லை கோணத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெள்ளைப்பலகைக்கு எழுதும் மார்க்கரால் பந்தின்மேல் தடிமனாக ஒரு நேர்க்கோடு இட்டு, கோடு கிளப் முகத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடித்தால், கோட்டின் சுவடு முகத்தில் ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்து நின்றால் லை உங்களுக்குச் சரி. கோட்டின் மேல்முனை டோ எனப்படும் நுனிப்பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அதிகம் நிமிர்ந்தது, வலக்கைக்காரர் அடிக்கும் பந்து இடப்பக்கம் போகும். ஹீல் எனப்படும் கழுத்துப் பக்கம் சாய்ந்தால் அதற்கு நேரெதிர். ஒரு பாகை பிசகினால் 150 கெஜத்தில் மூன்று நான்கு கெஜம் விலகும் என்பதால் இது சிறிய செய்தி அன்று. சுவடு முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதும் தெரிந்துவிடும். என் புதிய செட்டில் இருபதில் பதின்மூன்று சுவடுகள் நடுவுக்கு அரை அங்குலம் நுனிப்பக்கம் தள்ளியே விழுந்திருந்தன, நீண்ட ஷாஃப்டுக்கு என் நிற்கும் நிலை இன்னும் பழகவில்லை என்பதை அந்தச் சுவடுகள்தாம் எனக்குக் காட்டின.

இனி மண். பந்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டிவட் எனும் மெல்லிய மண்துண்டு பெயர்ந்தால் அடித்தகடு அந்த மண்ணுக்குப் பொருந்துகிறது. இறுகிய தரையில் அகன்ற தகடு துள்ளிக்கொண்டு பந்தின் இடுப்பில் பட்டால், அது திருவனந்தபுரத்து ஈரப் புல்லில் நன்றாக இருக்கலாம், கோடையில் நம்மைக் கைவிடும். குறுகிய தகடு ஈர வயலில் கோடாரிபோல் இறங்கிவிடும். இரண்டு நிலத்திலும் அடித்துப் பார்க்காமல் இந்தச் செய்தி கிடைக்காது. செம்மண் மேட்டில் மட்டும் அடிக்க வேண்டாம். அதிலுள்ள சிறுகல் ஒரே காலையில் தகட்டைக் கீறிவிடும், கீறல் விழுந்த செட்டைக் கடை திரும்ப வாங்காது. இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவே அதுதான். ஒரு பந்தை மண்ணில் வைத்து அடித்த பிறகு செட் உங்களுடையது.

திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரி மணலைக் கண்டவர்களுக்கு அது பெரியதொரு பங்கர் (மைதானத்து மணல்குழி) என்று தோன்றாமல் இராது. சாண்ட் வெட்ஜுக்கு அந்த எண்ணம் சரி. அயர்ன் சோதனைக்கு அது உதவாது. மேலும் தேரிக்காடுகளில் காப்புக்காடாக உள்ள பகுதிகளுக்குள் போகக் கூடாது.

## மைதானத்தில் ஆடியே பார்ப்பது

திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானம் நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது, பதினெட்டுக் குழி. இரண்டுக்கும் போய்வரும் செலவு, விருந்தினர் கட்டணம், கிளப் பையைச் சுமக்கும் கேடிக்குத் தரும் கூலி, உறுப்பினர் ஒருவரின் துணை ஆகியவற்றைச் சேர்த்தால் நான்கு வழிகளில் இதுவே ஒரு பந்துக்கு மிக அதிகச் செலவாகும் வழி. பதினெட்டுக் குழி ஆடினாலும் ஒரு செவன் அயர்னை மூன்று நான்கு முறைதான் எடுக்க நேரும். மூன்று பந்தில் சிதறலை அளக்க முடியாது.

இருந்தும் வேறெங்கும் கிடைக்காத சில விடைகள் அங்கே உண்டு. பந்து நிற்கிறதா என்பதை கிரீன் மட்டுமே சொல்லும். ரஃப் எனப்படும் உயரமான புல்லில் பந்து கிடக்கும்போது முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கிக்கொண்டு ஸ்பின் குறைந்துவிடும். மெல்லிய முகமுடைய தூர ரக அயர்ன்களில் அப்படி அடிபட்ட பந்து எதிர்பாராமல் பத்துப் பதினைந்து கெஜம் கூடுதலாகப் பறந்து கிரீனைத் தாண்டிப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சரிவில் நின்று, தண்ணீருக்கு மேலாக, உடன் ஆடுபவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கிளப்பை மனம் துணிந்து எடுக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஒரு திருத்தத்தை மனதில் வைக்க வேண்டும். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து எட்டு விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகப் போகும். அங்கே 162 கெஜம் போனது இங்கே 150. குளிர் அதில் சிறிதளவைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். புதிய செட்டை முதன்முதலாகக் கொடைக்கானலில் அடித்துவிட்டு அதன் தூரத்தைப் புகழ்கிறவர்களில் பலர் மலையைத்தான் புகழ்கிறார்கள். தூரம் அறியத் திருவனந்தபுரம் போதும். அது கடல்மட்டத்தை ஒட்டியது, நம் ஊர் எண்களோடு நேரடியாகப் பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கடை | மாடி வலை | குளம், வயல் | மைதானம் |
|---|---|---|---|---|
| கேரி தூரம் | மிகத் துல்லியம் | ஓரளவு | காற்றில்லாத காலையில் நம்பலாம் | பந்து எண்ணிக்கை போதாது |
| சிதறல் | நன்று. மேட் தவறை மறைக்கும் | ஒப்பீட்டுக்கு மட்டும் | மிக நன்று | தெரியாது |
| இறங்குவதும் நிற்பதும் | எண்ணாகத் தெரியும் | நம்ப முடியாது | கண்ணால் ஓரளவு | முழுமையாகத் தெரியும் |
| கிளப் இடைவெளி | மிக நன்று | ஓரளவு | நன்று, நேரம் பிடிக்கும் | தெரியாது |
| மண்ணோடு பழகுவது | தெரியாது | தெரியாது | மிக நன்று | நன்று |
| மறைந்த செலவு | பயணம், கூடுதல் வெட்ஜ் | கருவி, வலை, பக்கத்து வீடு | கீறல், திருப்பித் தர முடியாமை | கட்டணம், பயணம் |

## யாருக்கு எது

பல் மருத்துவர் இன்னும் வாங்கவில்லை. அவர் கடைக்குத்தான் போக வேண்டும். தம் பழைய ஆறு, ஏழு இரண்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும், தாம் ஆடும் பந்தையும் கொண்டுபோக வேண்டும். கடையில் முதலில் கேட்க வேண்டியது லாஃப்ட் பட்டியல். பிட்சிங் வெட்ஜ் 45 பாகைக்குக் குறைவு என்றால், இன்னும் ஒன்றோ இரண்டோ வெட்ஜின் விலையையும் செட்டின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேச வேண்டும். நாற்பது பந்து அடிக்க அனுமதி கேட்டு, மிகச் சிறந்த ஐந்தையும் மிக மோசமான ஐந்தையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். திரை காட்டும் சராசரியை நான் பெரிதாக மதிப்பதில்லை; புதிய கிளப்பின் மோசமான ஐந்து, பழையதன் மோசமான ஐந்தைவிட இலக்குக்கு அருகில் விழுந்திருந்தால் வாங்கலாம். கேரி எட்டுக் கெஜம் கூடி, இறங்கும் கோணம் நான்கு பாகை குறைந்திருந்தால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பொறியாளரின் நிலை வேறு. செட் கைக்கு வந்துவிட்டது. திருப்பித் தரும் நாட்கள் இன்னும் மிச்சம் இருந்தால், தகட்டிலும் முகத்திலும் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டி, மாடியில் நல்ல மேட்டின் மேல் மட்டும் அடித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; எடையும் நீளமும் உடம்புக்கு ஒவ்வவில்லை என்றால் அந்த அளவிலேயே தெரிந்துவிடும். நாள் கடந்துவிட்டது என்றால் தயங்காமல் குளத்துக்குக் கொண்டுபோகட்டும். அவர் இருக்கும் பக்கம் கடற்கரையை ஒட்டியது, காலையிலும் காற்று நிற்காத நாட்கள் உண்டு. நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டிப் பக்கம் உள்ளே தள்ளி வந்தால் கரை மறைவில் அமைதியான இடம் அமையும். லை சரியில்லை என்று மார்க்கர் சுவடு காட்டினால் அதைத் திருத்திக்கொள்ள முடியும். இரும்பை அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு ரகம் என்றால் இரண்டு பாகை வரை அச்சமின்றி வளைக்கலாம். வார்ப்பு ரகத்தைத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். லாஃப்டையும் வளைக்கலாம் என்றாலும், ஒரு பாகை குறைத்தால் அடித்தகட்டின் பவுன்ஸும் (மண்ணில் புதையாமல் தடுக்கும் சாய்வு) ஒரு பாகை குறைந்து கிளப் மண்ணில் புதையத் தொடங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாதத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போய் ஆடும் வழக்கமுள்ளவருக்குக் கருவியும் வலையும் வாங்கும் செலவே தேவையில்லை. இரண்டு காலை குளத்தில், பிறகு மூன்று சுற்று மைதானத்தில் என்று போனால் போதும். முழங்கையிலோ தோளிலோ வலி உள்ளவர் மட்டும் குளத்தைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இறுகிய தரையில் தவறி அடிக்கும் ஒவ்வோர் அடியும் மூட்டுக்குத்தான் போகும். அவருக்குக் கடையும் கிராஃபைட் ஷாஃப்டும், பிறகு மைதானத்தின் மெத்தென்ற புல்லும் உகந்தவை.

எந்த வழியில் போனாலும், பழைய செட்டை விற்பதற்கு அவசரப்பட வேண்டாம். வாங்கிய மாதமே பழையதை நண்பருக்குக் கொடுத்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு மாசியிலிருந்து அடுத்த மாசி வரை, குறைந்தது பழைய ஆறும் எட்டும் வீட்டில் இருக்கட்டும். கார்த்திகை ஈரத்தில் ஒருமுறை, பங்குனியில் காய்ந்த தரையில் ஒருமுறை இரண்டையும் சேர்த்து அடித்து எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு விற்கலாம்.